உறவினர் இருக்கக்கூடாத கதிரை

பேர்லின், 11 பெப்ரவரி 2007

அன்புள்ள அண்ணை,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இவ்வளவு காலமும் முருகன் கோயிலில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது உங்களிடமே கேட்கிறேன்.

ரெலிபோனில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். இதைக் கிழிக்கலாம். ஆனால் வாசிக்காமல் ஒரு கடதாசியைக் கிழிக்கிற ஆள் நீங்கள் இல்லை, சட்டம் படித்தவர்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடியும் கலியாணம் செய்யப்போகிறேன், இந்த வயதில். அவர் பெயர் மரியரட்ணம். பாஷையூர் ஆள், வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். இங்கே பஸ் ஓட்டுகிறார். மனைவி தவறிவிட்டார். சிசிலி என்று ஒரு மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னவர் தவறிய பிறகு இப்படி ஒன்று நடக்கும் என்று நானே நினைக்கவில்லை.

கலியாணத்துக்கு முன்னர் ஒரு ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கிறது. இங்கே நொய்கெல்ன் பகுதியில் உள்ள சாப்பாட்டுக் கடை இந்தக் கலியாணத்தோடு கலந்துவிடக் கூடாது. சிசிலி இன்ரநெற்றில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. அவர் கேள்விகளை அனுப்புவார், நாங்கள் பதில் போடுவோம், பத்திரத்தை எழுதி அனுப்புவார். ஆனால் முடிவில் இங்கத்தைய நொத்தாரிசான நோட்டாரிடம் நேரே போய்த்தான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். நோட்டார் தொடக்கத்திலிருந்து கடைசிவரை உரத்து வாசிப்பாராம். பக்கத்தில் இருந்து தமிழில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். மீன் கொண்டுவருகிறவரோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு எனக்கு ஜேர்மன் தெரியும். சட்டம் விளங்குகிற அளவுக்குத் தெரியாது.

நீங்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். வருவீர்களா?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
சிவமலர்

*

வுப்பர்டால், 4 மார்ச் 2007

திருமதி சிவமலர் குணநாயகம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சுகம் விசாரித்திருந்தீர்கள். சலரோகம் வந்திருக்கிறது. காலையும் மாலையும் மாத்திரை. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. வேறு குறையில்லை. பதிலுக்கு விசாரிப்பது முறை என்பதால் தங்கள் சுகத்தையும் விசாரிக்கிறேன்.

கலியாணம் செய்வது தங்கள் விருப்பம். வாழ்த்து எழுதும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது.

முகம் தெரியாத சட்டத்தரணியைப் பற்றி வாசித்தபோது சிரிப்பு வந்தது. நான் கொழும்பில் சட்டம் படித்தவன். யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசாக இருந்து எத்தனையோ வீட்டுக்குச் சீதன உறுதி எழுதியவன். என் படிப்புப் பத்திரங்களை இந்த நாட்டில் ஒரு அலுவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, மிகவும் அழகாக இருக்கின்றன என்று சொல்லித் திருப்பித் தந்தார். பிறகு நான் வுப்பர்டாலில் ஒரு இத்தாலியனின் கடையில் பானை கழுவினேன். இப்போது மற்றவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லிப் பிழைக்கிறேன். முகம் இருந்தும் எனக்குக் கிடைக்காத தொழிலை ஒருவர் முகமே இல்லாமல் செய்கிறார். நல்லது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மறந்துவிட்டேன் என்று நினைக்கக் கூடாது. என் மனைவி ஒரு பையோடு என் வீட்டைவிட்டுப் பேர்லினுக்கு ரயில் ஏறியபோது, கதவைத் திறந்து உள்ளே எடுத்தது நீங்கள். நான் ரெலிபோன் எடுத்தேன். "அண்ணி நித்திரை கொள்ளுறா, பிறகு எடுங்கோ" என்று சொல்லி வைத்தீர்கள். என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நான் பிறகு எடுக்கவில்லை. விவாகரத்து முடிந்தும் எடுக்கவில்லை. இப்போதும் அந்த அண்ணியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வருவது பற்றிச் சொல்ல முடியாது. வரைவை அனுப்பினால் வாசித்துக் கருத்துச் சொல்கிறேன். அது தொழில்.

இப்படிக்கு,
சின்னத்துரை அரியரத்தினம்

*

பேர்லின், 12 மார்ச் 2007

அன்புள்ள அண்ணை,

நலமாக இருக்கிறேன். சலரோகம் என்று வாசித்ததும் மனம் கேட்கவில்லை. அம்மாவுக்கும் இந்த வயதில்தான் வந்தது. வெந்தயத்தை ஊறவைத்துக் குடியுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள்.

திருமதி என்றும் அவர்களுக்கு என்றும் எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் என்னை மூதேவி என்று கூப்பிட்டீர்கள். அது இதைவிட நன்றாக இருந்தது.

வரைவு இதற்குள் இருக்கிறது. சட்டத்தரணி அனுப்பிய கேள்விகளுக்கு நாங்கள் பதில் போட்ட கதையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கடை பூட்டிய பிறகு சிசிலி கொம்பியூட்டரை மேசையில் வைத்துக்கொண்டு வாசிப்பாள். "பிரிந்தால் யார் வீட்டைவிட்டு வெளியேறுவார்?" என்று ஒரு கேள்வி. மரியரட்ணத்தார் சொன்னார்: "நான்தான். கலைச்சாலும் பஸ் டிப்போவில படுக்க இடம் தருவாங்கள் எண்டு எழுது."

"அப்பா, இது சட்டத்தரணிக்குப் போறது. விளையாடாதேங்கோ."

"நான் விளையாடேல்லை பிள்ளை. கடை எனக்கு வேண்டாம் எண்டும் எழுது. ஆனா நான் அங்க நண்டுக்கறிக்குக் காசு குடுத்துத்தான் சாப்பிடுறன். கலியாணத்துக்குப் பிறகும் இவ காசு வாங்குவாவோ எண்டு அந்த மனுசனிட்டக் கேள்."

சிசிலி உண்மையிலேயே அதைக் கேட்டு அனுப்பிவிட்டாள். அந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை, இருவரும் பேசித் தீர்க்கவும் என்று பதில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சட்டத்தரணி ஒரு மனிதர் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

கலியாணத்துக்கு முன்னரே பிரிவதைப் பற்றி எழுதுகிறார்கள் என்று கோயிலில் இரண்டு பேர் கதைத்தார்களாம். கதைக்கட்டும். அவர்களின் தாய்மாரும் சீதன உறுதி இல்லாமல் மணவறைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

வாசித்துவிட்டு எழுதுங்கள். நடையைக் குறைக்காதீர்கள், சலரோகத்துக்கு நடக்க வேண்டும்.

சிவமலர்

*

வுப்பர்டால், 9 ஏப்ரல் 2007

திருமதி சிவமலர் குணநாயகம் அவர்களுக்கு,

நலம். வெந்தயம் குடிக்கிறேன். கசக்கிறது.

வரைவை வாசித்தேன். நம்முடைய தேசவழமைச் சட்டத்தில் கணவனும் மனைவியும் கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்த்ததைத் தேடிய தேட்டம் என்போம், அதில் இருவருக்கும் உரிமை உண்டு. ஜேர்மன்காரருக்கும் ஏறக்குறைய அதே எண்ணம்தான். பிரியும்போது இருவருடைய சொத்துப் பெருக்கத்தையும் ஒப்பிட்டுச் சமன் செய்வார்கள். தங்கள் ஒப்பந்தம் அந்தச் சமன் கணக்கிலிருந்து கடையை மட்டும் எடுத்து வெளியே வைக்கிறது. மற்றதெல்லாம் பொது வழமைப்படி. மரியரட்ணம் என்பவருக்கும் இதில் அநியாயம் இல்லை. குறை பிடிக்கும் நோக்கத்தோடுதான் வாசித்தேன். பிடிக்க முடியவில்லை. நான் எழுதியிருந்தால் இரண்டு வசனங்கள் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் மூன்றாம் பக்கம். கடையில் பாதிதான் தங்களுடையது என்று அங்கே இருக்கிறது. மறுபாதி ஒரு பங்காளியுடையது. பங்காளிகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஒருவர் கலியாணம் செய்தால் தன் பங்கைக் கணவரின் உரிமைக்கு வெளியே வைத்தே ஆக வேண்டும். அதற்காகவே இந்த ஒப்பந்தம். பங்காளியின் பெயரும் அதில் இருக்கிறது. நான் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

முதற் கடிதத்தில் "சாப்பாட்டுக் கடை" என்று எழுதினீர்கள். யாருடைய கடை என்று எழுதவில்லை. நானும் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டேன். நொத்தாரிசாக இருந்தவன் நான். எழுதாமல் விடப்பட்டதை முதலில் பார்க்கப் பழகியவன். எனக்கே இது நடந்திருக்கிறது.

ஆக, நான் ரயில் ஏறி வந்து, என் வாயால் தமிழில் சொல்ல வேண்டியது, என்னை விட்டுப் போனவருடைய சோற்றுக்கு ஆபத்து வராது என்பதை. என் வீட்டில் வாய் திறக்காமல் இருந்தவர் பேர்லினில் முதலாளி. மகிழ்ச்சி.

வேறு மொழிபெயர்ப்பாளர் தேடிக்கொள்ளவும். வரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சி. அரியரத்தினம்

*

பேர்லின், 17 ஜூன் 2007

அன்புள்ள அண்ணை,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் ஏப்ரல் கடிதத்தைக் கனகாலம் மேசையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கோபத்தில் பதில் எழுதினால் அது உங்கள் கடிதம் மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

கடையைப் பற்றி நான் மறைத்தது உண்மை. முதலிலேயே எழுதியிருந்தால் நீங்கள் வரைவைத் திறந்திருக்க மாட்டீர்கள்.

அண்ணி முதலில் வெங்காயம் உரிக்கத்தான் கடைக்கு வந்தா. அப்போது கடை வேறொருவருடையது, நானும் கூலிக்குத்தான் நின்றேன். பிறகு சமைத்தா. அந்த ஆள் கடையை விட்டுப் போனபோது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோம். வரி அலுவல் பார்க்கிறவர் ஒரு உடன்படிக்கை எழுதித் தந்தார், கையெழுத்து வைத்தோம், பெட்டிக்குள் போட்டோம். அதில் கலியாணத்தைப் பற்றி ஒரு வரி இருப்பதே எனக்குத் தெரியாது. இந்த இன்ரநெற் சட்டத்தரணி, பங்காளி உண்டா, உடன்படிக்கை உண்டா, அனுப்புங்கள் என்று கேட்ட பிறகுதான் தேடி எடுத்தேன். அண்ணி சொன்னா: "எனக்காண்டி ஒண்டும் எழுத வேண்டாம். நீ சந்தோசமாக் கட்டு. கடை போனா வேற கடை." நான்தான் கேட்கவில்லை. அடுப்படியில் நின்று அவவின் கால் வீங்கியது எனக்குத் தெரியும்.

முன்னைய கடிதத்தில் அந்த ரெலிபோன் கதையை எழுதியிருந்தீர்கள். அண்ணி நித்திரை கொள்ளுறா என்று நான் சொன்னது பொய்யில்லை. அவ நித்திரை கொள்ளத்தான் வந்தா. வந்து கனநாள் நித்திரைதான் கொண்டா. என்ன நடந்தது என்று நான் அவவிடமும் கேட்கவில்லை, இன்று வரைக்கும். கதவைத் தட்டினா, திறந்தேன். நீங்கள் தட்டியிருந்தாலும் திறந்திருப்பேன், கேள்வி கேட்காமல். நீங்கள் தட்டவில்லை.

நோட்டாரைச் சந்திக்கச் செப்டெம்பர் கடைசியில் ஒரு நாள், இங்கே தெர்மீன் என்பார்கள், கிடைத்திருக்கிறது. நான் இன்னும் உங்களைத்தான் கேட்கிறேன்.

சீனி அளவு எவ்வளவு என்று எழுதுங்கள்.

சிவமலர்

*

வுப்பர்டால், 19 ஓகஸ்ட் 2007

சிவமலருக்கு,

சீனி அளவு குறைந்திருக்கிறது. வைத்தியர் பாராட்டினார். பாராட்டை வெந்தயத்துக்குச் சொல்லச் சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை.

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு சட்டம் இருக்கிறது. இன்ரநெற்றில் இருக்கிற உங்கள் ஆளுக்கு அது தெரிந்திருக்காது, இப்படியானவற்றை அறைக்குள் இருந்து பழகினால்தான் தெரியும். நோட்டாரின் முன்னால் மொழிபெயர்ப்பவர் உறவினராக இருக்கக் கூடாது. அண்ணன் மொழிபெயர்த்தால், தங்கைக்கு நன்மை தரும் பகுதி செல்லாது போகும். நம்மூரில் நேர் எதிர். சொந்தக்காரன் பக்கத்தில் நின்றால்தான் உறுதி நம்பத்தக்கது என்போம். இங்கே சொந்தக்காரன் நின்றால் பழுது. எனவே நோட்டார் தொடங்க முன்னர் என்னைப் பார்த்துக் கேட்பார்: இவர்களில் யாருக்காவது நீங்கள் உறவா?

நான் இங்கே யார் கேட்டாலும் எனக்குச் சகோதரி இல்லை என்றுதான் சொல்லிவருகிறேன். அந்த அலுவலகத்திலும் அதையே சொல்வேன். அது பொய்யாகாது. இவ்வளவு காலம் சொல்லிவிட்ட ஒன்று பொய்யாக இருக்க முடியாது. கடதாசியைப் பார்த்தும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். என் பெயரோடு இருப்பது அப்பாவின் பெயர். உன் பெயரோடு இருப்பது உன் கணவரின் பெயர். நம் ஆட்களின் பெயர்களைப் பார்த்து ஒரு ஜேர்மன்காரன் உறவு கண்டுபிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே வருகிறேன், அந்நியனாக. அந்நியனுக்கு எவருடைய பெயரையும் வாசிப்பதில் கஷ்டம் இல்லை. இது உனக்குச் சம்மதம் என்றால் முகவரியை எழுது. வேலை முடிந்ததும் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். சாப்பாடு ஒன்றும் ஆயத்தம் செய்ய வேண்டாம்.

அரியரத்தினம்

*

பேர்லின், 2 செப்டெம்பர் 2007

அன்புள்ள அண்ணை,

சுகமாக இருக்கிறோம். உங்கள் வைத்தியர் கெட்டிக்காரர்.

முகவரியும் வழியும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஹெர்மான்பிளாற்ஸில் சுரங்க ரயிலைவிட்டு ஏறினால் பக்கம்தான். மரியரட்ணத்தார் உங்களை ஏற்ற வருகிறேன் என்று நின்றார். "அந்நியனை ஏத்த நீங்கள் ஏன் போறியள்?" என்று கேட்டு நிறுத்திவிட்டேன்.

நோட்டார் கேட்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். உங்களுக்குச் சரி என்று படுவதைச் சொல்லுங்கள். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

குளிர் தொடங்கிவிட்டது. கழுத்தைச் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

சிவமலர்

*

வுப்பர்டால், 7 ஒக்ரோபர் 2007

சிவமலருக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். கட்டித் தந்த சாப்பாட்டை ரயிலில் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடம் பார்த்துப் போனார், நண்டின் மணம். வசதியாக இருந்தது.

அறைக்குள் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ வேறு விதமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு ஒதுக்கிய கதிரையில் இருந்தேன். உன்னை நான் பார்க்கவில்லை. நீயும் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாய், அம்மா மாதிரி. நோட்டார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிலை நான் ரயிலிலேயே ஆயத்தம் செய்துவைத்திருந்தேன். ஒரே ஒரு சொல். வாயைத் திறந்தேன்.

அகதி விசாரணைகளில் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. உடன்பிறந்தோர் உண்டா என்று அலுவலர் கேட்பார். அதை நான் தமிழில் கேட்பேன். முன்னால் இருக்கிற பெடியன், "ஒரு அக்கா இருந்தவ" என்பான். அதற்கு மேல் சொல்ல மாட்டான். நான் அதை ஜேர்மனில் சொல்ல வேண்டும். வருடக்கணக்காகச் சொல்லிவருகிறேன். இருந்தவ, இருந்தவர், இருந்தவை. என் வேலையே அதுதான். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருமிக்கொண்டிருக்கிற ஒருத்தியை இல்லை என்று சொல்ல நாக்குப் புரளவில்லை. பாசம் என்று நினைக்காதே. தொழில் பழக்கம்.

"நான் அவருடைய அண்ணன்" என்றேன். நோட்டார் பேனையை வைத்துவிட்டு, அப்படியானால் நீங்கள் அந்தக் கதிரையில் இருக்க முடியாது, மன்னிக்கவும் என்றார். எழும்பினேன். இந்த நாட்டில் என்னை எத்தனையோ கதிரைகளிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். இது ஒன்றுக்குத்தான் ஒழுங்கான காரணம் சொன்னார்கள்.

இனி நீ காணாதது. வெளியே காத்திருக்கும் இடத்தில் அவள் இருந்தாள். பங்காளி என்ற முறையில் வந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. என்னைக் கண்டு எழும்பவில்லை. நானும் இரண்டு கதிரை தள்ளி இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து சுடுதண்ணிப் போத்தலை எடுத்தாள்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

நான் போத்தலைப் பார்த்தேன்.

"சீனி போடேல்லை."

"ஆர் சொன்னது எனக்குச் சீனி எண்டு?"

"சிவம் கடிதம் வாசிக்கேக்க நானும் பக்கத்திலதான் இருக்கிறனான்."

வாங்கிக் குடித்தேன். உள்ளே நோட்டார் வாசிப்பது கேட்டது. அவர் நிறுத்தும்போதெல்லாம் ஒரு பெண் குரல் இந்தியத் தமிழில் சொல்லிவிட்டு, "புரியுதுங்களா?" என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் நீ "ஓம், ஓம்" என்றாய். அவள் சிரித்தாள். "இனிக் கடையிலயும் ஒரு மாசத்துக்கு இதுதான். உப்புப் போட்டாச்சு, புரியுதுங்களா எண்டு நிக்கப்போறா." அவள் சிரிப்பது இப்படித்தான் இருக்கும் என்பதை மறந்திருந்தேன். ஒரு இடத்தில் நோட்டார் அவளுடைய பெயரை வாசித்தார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

அதன்பிறகு கதைத்தது என்ன என்பது உனக்கு வேண்டியதில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை.

நான் கேட்க வேண்டியது வேறு. நான் வெளியே வந்தபோது அந்த இந்தியப் பெண், வசுந்தரா என்று பெயர் சொன்னாள், ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தயாராக, பேனையோடு. நான் எழும்புவேன் என்று யாருக்கும் தெரியாதபோது அவள் ஏன் அங்கே நின்றாள்? எழுது.

அரியரத்தினம்

*

பேர்லின், 16 ஒக்ரோபர் 2007

அன்புள்ள அண்ணை,

எல்லோரும் சுகம். ஒப்பந்தம் முத்திரையோடு வந்துவிட்டது. மரியரட்ணத்தார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நண்டுக்கறியை இதில காணேல்லையே" என்று மனவருத்தப்பட்டார்.

கேட்டதற்குப் பதில். உறவினர் மொழிபெயர்க்க முடியாது என்பது அந்த இன்ரநெற் சட்டத்தரணிக்குத் தெரியும். பெப்ரவரியில் அவர் அனுப்பிய முதல் பதிலிலேயே இருந்தது. சிசிலி எனக்குத் தமிழில் சொன்னாள். அன்றைக்குத்தான் உங்களுக்கு முதற் கடிதம் எழுதினேன். வசுந்தராவைத் தெர்மீன் கிடைத்த நாளிலேயே பேசிவைத்துவிட்டேன். நோட்டாரின் அலுவலகத்துக்கும் சிசிலி சொல்லியிருந்தாள்.

என்னை ஏசுங்கள். ஏசுவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. "எனக்குச் சகோதரி இல்லை" என்று நீங்கள் சொல்லித்திரிவதை வுப்பர்டாலிலிருந்து கோயிலுக்கு வருகிற சனங்கள் எனக்குச் சொல்வார்கள். அவர்களிடம் என்ன சொன்னாலும் அது கதை. ஒரு அலுவலகத்தில், சட்டத்துக்கு முன்னால், நான் பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நீங்கள் சட்டத்துக்கு மட்டும்தான் பொய் சொல்ல மாட்டீர்கள்.

நீங்கள் இல்லை என்று சொல்லியிருந்தால், நான் எழும்பி இவர் என்ர அண்ணை என்று சொல்லியிருப்பேன். ஒப்பந்தம் தப்பியிருக்கும், வசுந்தரா உள்ளே வந்திருப்பா. ஆனால் அதுக்குப் பிறகு நான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கு நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான்.

நவம்பர் இருபத்துநான்காம் திகதி கலியாணப் பதிவு. சாட்சிக்கு இரண்டு பேர் வைக்கலாம். ஒருவர் அண்ணி. சாட்சியாக உறவினர் இருக்கலாமோ என்று இந்த முறை முதலே கேட்டுவிட்டேன். இருக்கலாமாம்.

சிவமலர்

*

வுப்பர்டால், 28 ஒக்ரோபர் 2007

அன்புள்ள சிவம்,

நான் சுகம். சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். நொத்தாரிசாக இருந்தவனை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரி பொறியில் வைத்துப் பிடித்திருக்கிறாள். மூதேவி. உன் சட்டத்தரணியைப் பற்றி நான் எழுதியதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மற்றது எதையும் இல்லை. அந்த ரெலிபோனை நான் மறந்ததாகவும் எழுதவில்லை. மறக்க மாட்டேன்.

இருபத்துநான்காம் திகதி விடுமுறை எடுத்துவிட்டேன். முதல் நாளே வருகிறேன். ஹோட்டல் பார்க்கவில்லை. வந்து கதவைத் தட்டுவேன்.

மரியரட்ணத்தாருக்கும் சிசிலிக்கும் என் சுகம் சொல்.

நோட்டாரின் படிகளில் இறங்கும்போது கவனித்தேன். செல்லம் வலது காலை ஊன்றாமல், கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குகிறாள். அது நீ எழுதியதுபோல் அடுப்படியில் நிற்பதால் வருகிற வீக்கம் மட்டும் இல்லை, முழங்கால். வைத்தியரிடம் காட்டச் சொல். தெர்மீன் எடுத்தாளா, வைத்தியர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. நான் கேட்டதாகச் சொல்லத் தேவையில்லை. எப்படியும் இதை நீ வாசிக்கும்போது அவள் பக்கத்தில்தான் இருப்பாள்.

அண்ணை